பலகை மாட்டிய 'டைவ் பார்'

மியான்மரின் யாங்கூன் நகரின் நடுவே அண்மையில் திறக்கப்பட்ட ஒரு மதுக்கடை, தன்னை 'டைவ் பார்' என்று வாசற்பலகையிலேயே அறிவித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மலிவான, பழுதடைந்த குடிக்கடைகளைக் குறிக்கும் கொச்சைச் சொல் அது. 1870களில் அத்தகைய கடைகள் பல நிலவறைகளில் நடந்ததால், தெருவில் போகிறவர் சட்டென்று கீழே பாய்ந்து மறைவதைக் கொண்டு இப்பெயர் வந்திருக்கலாம் என்பார்கள். முதலில் வசவாக இருந்த சொல்லைப் பின்னாளில் வாடிக்கையாளர்கள் செல்லமாக வழங்கினார்கள். கடைக்காரர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டால் அது ஒட்டுவதில்லை.

இந்தக் கடையில் சுவர்ப்பூச்சை வேண்டுமென்றே பெயர்த்திருக்கிறார்கள். மேசையோரத்துத் துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பழுப்பு வண்ணம் அடித்து மேலே வார்னிஷ் பூசியிருந்தது. கதவில் சிறு துவாரம் வைத்து, உள்ளே விடுவதற்கு ரகசியச் சொல்லும் கேட்கிறார்கள். அது 1920 முதல் 1933 வரை நீடித்த அமெரிக்க மதுவிலக்குக் காலத்தின் 'ஸ்பீக்கீசி' எனும் மறைவுக்கடைக்கு உரிய வழக்கம். டைவுக்குள் போக யாரும் கடவுச்சொல் சொல்ல வேண்டியதில்லை. உடன் வந்த மாமா மகன் பல ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்து அமெரிக்கத் துறைமுகங்களைக் கண்டவர். "மச்சான், அங்கே இந்த மாதிரிக் கடைக்குப் பலகையே இருக்காது, இருந்தாலும் விளக்கில் பாதி எழுத்து எரியாது" என்று சிரித்தார்.

ஒரு குவளை பீருக்கு இங்கே கொடுத்த பணத்தில், இதே நகரின் 19ஆம் தெருவில் 'பீர் ஸ்டேஷன்' எனப்படும் எளிய பீர்க்கடையில் இருவர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். அங்கே கம்பியில் குத்திய காளானையும் கோழியையும் நாமே கூடையில் பொறுக்கிக் கொடுத்தால் கரியில் வாட்டித் தருவார்கள்; பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் ஒலி எழுப்பினால் போதும். அங்கே நான் உட்கார்ந்த பிளாஸ்டிக் முக்காலியின் ஒரு காலுக்கடியில் சிகரெட் அட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும்வரை யாரும் பேச்சை நிறுத்தவில்லை. அந்தத் தெருவில் யாருக்கும் 'டைவ்' என்ற சொல் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

புதிய கடையின் பொரித்த கோழி நன்றாக இருந்தது. பீரும் நல்ல குளிர்ச்சி. பணியாளர்கள் மரியாதையானவர்கள், சற்று அதிகமாகவே. அலங்காரக்காரர் கை படாத இடம் கழிப்பறை ஒன்றுதான்: தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீரும் வரவில்லை. பலகையில் எழுதியதற்கு நேர்மையாக இருந்த ஒரே இடம் அது.