கோல்ஃப் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால்: கனமான பட்டையா, சுருள் ஷாக்கா?

என் வண்டியில் பின்னால் இரண்டு பேர் உட்காரும் சீட்டை மாட்டிச் சில மாதங்களிலேயே பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரச ஆரம்பித்தது. அதுவும் ஓட்டுபவர் உட்காரும் பக்கம் மட்டும். குனிந்து பார்த்தேன். பின்பக்க எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய இரும்புப் பட்டை, பலகைபோல் தட்டையாகக் கிடந்தது.

அதைக் குறை சொல்லிப் பயனில்லை. எட்டு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று ஏறத்தாழ 28 கிலோ. 48 வோல்ட் வண்டியில் அப்படி ஆறு, அதாவது 170 கிலோ அளவுக்கு. வண்டி சும்மா நிற்கும்போதும் அந்தச் சுமை இறங்குவதில்லை. அதற்கு மேல் கூடுதல் சீட், இன்னும் இரண்டு ஆள்.

பழைய அளவிலேயே புதுப் பட்டை போட்டால் மறுபடியும் இதே கதைதான் என்பதால் அதை விட்டுவிட்டேன். மிஞ்சியவை இரண்டு: பட்டையைக் கழற்றிவிட்டுக் கூடுதல் பட்டைகள் கொண்ட கனமான செட் போடுவது, அல்லது பட்டையைத் தொடாமல், ஆட்டத்தை அடக்கும் சாதா ஷாக்குக்கு (ஷாக் அப்சார்பர்) பதிலாகச் சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக்கை மாட்டுவது.

மாட்டுகிற வேலையில் சுருள் ஷாக்தான் சுலபம். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு, அவ்வளவுதான். விலை, உயரம் எல்லாம் வாங்கும்போதே தெரிந்துவிடும். நான் கனமான பட்டைக்குப் போனதற்குக் காரணம் வேறு: பின்னால் வரும் பராமரிப்பு.

பட்டையின் இரண்டு முனையிலும் ஒரு கண் இருக்கும். அதற்குள் புஷ் (ரப்பர் அல்லது யூரித்தேன் பிளாஸ்டிக்கால் ஆன சிறு குழாய்), புஷ்ஷுக்குள் ஸ்லீவ் என்னும் இரும்புக் குழாய், ஸ்லீவுக்குள் போல்ட். போல்ட்டை முறுக்கும்போது ஸ்லீவ் இறுகி நின்றுவிட, யூரித்தேன் புஷ் அதன்மேல் சுழல வேண்டும். இந்த இடம் காய்ந்தால் கிறீச் சத்தம். தேய்ந்தால் சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸிலே லேசாக இடம் நகர்ந்து, வளைவில் வண்டியின் பின்பக்கம் நெளியும். பேட்டரி வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வழிந்த ஆசிட்டும் அதன் ஆவியும் கீழே இறங்கிப் பட்டையையும் போல்ட்டையும் அரிக்கும். என் பழைய போல்ட் ஒன்று ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டிப்போய், கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தேன். அரை நாள் அதற்கே போயிற்று.

சுருள் ஷாக் போட்டிருந்தால் அந்த அரை நாள் மிச்சம்தான். ஆனால் அரித்த போல்ட்டும் தேய்ந்த புஷ்ஷும் அங்கேயேதான் இருந்திருக்கும். வண்டி மட்டும் உயர்ந்து நின்று, எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி காட்டும். போதாக்குறைக்குச் சுமையின் ஒரு பங்கு ஷாக் மாட்டும் பிராக்கெட்டுக்குப் போகிறது. அந்தப் பிராக்கெட் ஆட்டத்தை அடக்கப் போட்டது, எடை தாங்க அல்ல. பார்க்க வேண்டிய இடங்களும் கூடிவிடுகின்றன: பழைய பட்டை, அதன் புஷ், புதுச் சுருள், ஷாக்கின் புஷ்.

கனமான பட்டை போட்டபின் எனக்கு இருக்கும் வேலை சொற்பம். பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் புது யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டியபின் ஒருமுறை இறுக்கினேன். அவ்வப்போது சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஆசிட் கறையைக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு உலர்த்துகிறேன். புஷ்ஷுக்குச் சிலிக்கான் கிரீஸ். ரப்பர் புஷ்ஷாக இருந்தால் சாதா கிரீஸ் அதை ஊதவைத்துக் கெடுக்கும். பட்டை, புஷ் எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பட்டையை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தனியாக ஓட்டும்போது என் வண்டி குதிக்கிறது. சிறு கல் ஏறினாலும் முதுகுக்குத் தெரிகிறது. கனமான பட்டையிலேயே, சுமை ஏறினால் மட்டும் அடிப்பட்டை வந்து சேரும் வகை ஒன்று இருக்கிறது, அதை வாங்கியிருக்கலாம். சுருள் ஷாக் வண்டியை நான் ஓட்டியது நண்பருடையதில் இரண்டே நாள். இரண்டு பேரோடு அது என்னுடையதைவிட மென்மையாகத்தான் போனது. வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று அந்த இரண்டு நாளை வைத்துச் சொல்ல முடியாது. எப்போதாவது மட்டும் பின்சீட்டில் ஆள் ஏற்றுபவர், பட்டையும் புஷ்ஷும் நன்றாக இருந்தால், அதை யோசிக்கலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றை இரண்டு பக்கமும் ஒன்றாக்கி, தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். காற்றுக் குறைவைப் பட்டைக் கோளாறு என்று நினைத்தவர்கள் உண்டு. அடியில் வேலை செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம்.

அப்புறம், லித்தியம் பேட்டரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் இந்தச் செலவைத் தள்ளிப்போடுங்கள். வண்டியின் எடை நூறு கிலோவுக்கும் மேல் குறையலாம். அப்போது சாதாப் பட்டையைப் புதிதாகப் போட்டாலே போதுமானதாக இருக்கும். என்னுடையது மாதிரி கனமான பட்டை போட்டால் இன்னும் குதிக்கும்.