லண்டனில் பெனிபிட்டில் வாழும் தனியாள்: ஸ்டூடியோவா, ஷேரிங் அறையா, கவுன்சில் வீடா?

லண்டனில் 32 வயதுக்காரர் ஒருவர். துணை இல்லை, பிள்ளை இல்லை. வேலை போய், யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் (பெனிபிட்) ஓடுகிறது வாழ்க்கை. வீடு தேடினால் அவருக்கு எது சாத்தியம்?

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது ஸ்டூடியோ. தனிக் கதவு, தனிக் குளியலறை, தனி அடுப்பு. ஆனால் 35 வயதுக்குட்பட்ட தனியாள் தனியார் வீட்டில் குடியிருந்தால், விதிவிலக்குகள் சில தவிர, ஷேரிங் அறைக்கான, அதாவது பலர் பகிரும் வீட்டில் ஓர் அறைக்கான தொகையைத்தான் அரசு கொடுக்கும். முன்பு இந்த வரம்பு 25 வயதாக இருந்தது. 2012 ஜனவரியில் 35 ஆக்கிவிட்டார்கள். ஸ்டூடியோ எடுத்தால் மிச்ச வாடகையைச் சாப்பாட்டுக் காசில் இருந்துதான் கட்ட வேண்டும்.

35 ஆனதும் ஒரு படுக்கையறை வீட்டுக்கான தொகை கிடைக்கும். சரி, அப்போதாவது முடியுமா? இடையில் பெனிபிட் கேப் என்ற மொத்த உச்சவரம்பு நிற்கிறது. லண்டனில் தனியாள் வாங்கும் உதவிகள் எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1,414 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று 2023 ஏப்ரலில் வைத்தார்கள். 2025-26 கணக்கில் செலவுக்கான அடிப்படைத் தொகை 400 பவுண்டு போக, வாடகைக்கு நிற்பது ஆயிரத்துச் சொச்சம். லண்டனில் அதற்கு உருப்படியான ஸ்டூடியோ கிடைப்பது குதிரைக்கொம்பு. ஓரளவு வேலை செய்து சம்பாதிப்பவர்களையும், பிப் எனப்படும், நீண்டகால நோய் அல்லது ஊனத்துக்கான உதவித்தொகை வாங்குபவர்களையும் இந்த கேப் தொடாது.

தனியார் வாடகைக்கு அரசு பகுதிவாரியாக வைத்திருக்கும் இந்தத் தொகைகளும் சந்தையோடு நகர்வதில்லை. 2008-ல் தொடங்கியபோது சந்தை வாடகையின் நடுப்புள்ளியை வைத்துக் கணக்கிட்டார்கள். 2011-ல் அதை இறக்கி, மலிவான 30 சதவீத வீடுகளுக்கு எட்டினால் போதும் என்றார்கள். 2016-ல் உறைய வைத்தார்கள், 2020-ல் உயர்த்தினார்கள், திரும்ப உறைய வைத்தார்கள், 2024-ல் உயர்த்தினார்கள், 2025-ல் மறுபடி உறைந்தது. வீட்டுக்காரர் வாடகையை உறைய வைப்பாரா என்ன?

'நோ டி.எஸ்.எஸ்.' (பெனிபிட் வாங்குபவர்கள் வேண்டாம்) என்று விளம்பரத்தில் போட்டுப் பெனிபிட்காரர்களைத் துரத்துவது சட்டவிரோதம் என்று 2020-ல் யார்க் நீதிமன்றம் சொன்னது. 2025-ன் வாடகையாளர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் அதை நேரடியாகவே தடை செய்கிறது. ஆனாலும் பல ஏஜென்ட்கள் மாத வாடகையின் முப்பது மடங்கு ஆண்டு வருமானம் கேட்கிறார்கள். ஆயிரம் பவுண்டு வாடகைக்கு முப்பதாயிரம். இல்லையென்றால் ஜாமீன். முன்பு சொந்தக்காரரிடம் கடன் வாங்கி ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டிச் சமாளித்தவர்கள் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது அதே சட்டம். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஜாமீன்காரர் இல்லாதவருக்கு இருந்த குறுக்குவழியும் போயிற்று.

ஷேரிங் அறைக்கு இவ்வளவு சோதனை இருக்காது. பில் எல்லாம் வாடகைக்குள் அடங்கும். பெனிபிட் வாங்குபவர்களுக்குக் கொடுத்துப் பழகிய வீட்டுக்காரர்களும் இங்கேதான் அதிகம். வீட்டை அறை அறையாக விட்டால் வருமானம் கூடுதல். சின்ன வீடுகள் அருகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். இடம்தான் நெருக்கடி. உரிமம் தேவைப்படும் ஷேரிங் வீட்டில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டர் இருந்தால் போதும். ஷவர் அறையோடு புதிதாகக் கட்டும் ஒருவர் வீட்டுக்குத் தேசிய அளவுகோல் 37. இன்னொன்று, யுனிவர்சல் கிரெடிட்டில் 35-க்கு மேற்பட்டவர் அறையிலேயே தொடர்ந்தாலும் அவருக்கான உச்சவரம்பு ஒரு படுக்கையறைத் தொகைதான். அதனால் அறை வாடகை பெரும்பாலும் முழுதாக அடைபடும். கட்டாயத்தில் எடுத்த அறையைப் பலர் விடாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கும் காரணம்.

ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் தெரிந்த தமிழ்க் குடும்பத்தோடு தங்குவதும் உண்டு. சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் வாடகை உதவி வாங்குவது பெரும்பாடு. வீட்டுக்காரருக்கு வரிப் பயம். ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை அந்த வருமானத்துக்கு வரியே கிடையாது என்பதை எடுத்துச் சொல்லலாம். அண்ணன் வீடு, அக்கா வீடு என்றால் அந்தப் பேச்சே இல்லை. நெருங்கிய உறவினரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவருக்குக் கொடுக்கும் வாடகைக்கு உதவி கிடையாது.

வாடகை மலிவில், உள்ளூராட்சி வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டை எதுவும் மிஞ்சாது. லண்டனில் தனியார் வாடகையில் பாதிகூட வராது. கிடைப்பதுதான் பாடு. குடியிருந்தவர்களுக்கே 1980 முதல் வீடுகளை விற்றுவந்ததில் கையிருப்பு கரைந்தது. பிள்ளைகள் உள்ளவர்கள், கடும் நோயாளிகள் முன்வரிசையில் நிற்கிறார்கள். 2013-ல் கவுன்சில் வீடுகளில் ஓர் அறை உபரியாக இருந்தால் வாடகை உதவியில் 14 சதவீத வெட்டு வந்ததும், பிள்ளைகள் வளர்ந்து போன தம்பதிகளும் அதே ஒற்றை அறை வீடுகளுக்கு வரிசையில் வந்தார்கள்.

என்னைக் கேட்டால், 32 வயதில் ஷேரிங் அறையை எடுத்துக்கொண்டு, இன்றைக்கே கவுன்சில் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். பல கவுன்சில்களில் பதிந்த தேதிக்கும் மதிப்பு உண்டு. இருக்கும் இடத்தை விட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தால், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். வீடு போக 56 நாள் இருக்கும்போதே உதவ வேண்டிய கடமை கவுன்சிலுக்கு வந்துவிடுகிறது.