கொட்டேஷனில் ‘ஆர்எக்ஸ் 580’ என்று மட்டும் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்

ஐம்பதாயிரத்துக்குள் ஒரு கேமிங் சிஸ்டம் அசெம்பிள் செய்ய சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் அக்கா வீட்டில் நடந்தது. கடையின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, நானே வருஷக்கணக்கில் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் மாடல் எண்ணை முழுதாக எழுதாமல் மட்டமான பொருளைத் தள்ளிவிடுகிற இந்த ஏமாற்று எந்த ஊரிலும் நடக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒருவரிடம் உதவிக்குப் போய்ச் சேர்த்த பணம் பாதி. மீதியை அத்தான் போட்டார். மொத்தம் 48,000 ரூபாய். விழுப்புரத்திலிருந்து இரண்டு பேரும் வந்து வாங்கிப் போனார்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷன் இன்னும் இருக்கிறது: ‘ரைசன் 5, 6 கோர். 16 ஜிபி ரேம். 512 எஸ்எஸ்டி. ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. 550 வாட் எஸ்எம்பிஎஸ். ஆர்ஜிபி கேபினெட்.’ இதில் ரைசன் 5 என்பது ப்ராசஸர், ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி. பையன் ரைசன் 5 5600 வேண்டும் என்று கேட்டிருக்கிறான். “அதேதான் தம்பி, அதைத்தான் போடுறோம்” என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் அந்த நம்பர் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து கேம் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். சண்டைக் காட்சி வந்து கார்டுக்கு வேலை அதிகமானதும் மொத்த சிஸ்டமும் பட்டென்று அணைந்துவிடும். கடைக்கு போன் செய்தால், வீட்டு கரண்ட் சரியில்லை, யுபிஎஸ் வாங்கிப் போடு என்று பதில். அந்த யுபிஎஸ்ஸையும் தாங்களே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு போன் வந்தது. “மாமா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்.”

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைத்தான் பார்த்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பெரிய எழுத்தில் 550 வாட் என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஒவ்வொன்றிலும் எத்தனை ஆம்ப் வரும் என்று. இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது ஏறக்குறைய எல்லாமே 12 வோல்ட்டில்தான். இந்தப் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்ப் என்று போட்டிருந்தது. பெருக்கிப் பாருங்கள், 216 வாட். கார்டு மட்டும் முழு வேகத்தில் 150 வாட் இழுக்கும், ப்ராசஸர் எண்பதைத் தொடும், அப்புறம் போர்டு, ஃபேன், ஆர்ஜிபி லைட். எங்கே தாங்கும்? உருப்படியான 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் 12 வோல்ட்டில் 40 ஆம்ப்புக்கு மேல் எழுதியிருக்கும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை இருக்கும், கையில் எடுத்தால் கனமாக இருக்கும். இதை ஒரு கையால் தூக்கிப் போடலாம்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது வேறு. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளே கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற மோலெக்ஸ் வயர்கள் இரண்டைச் சேர்த்து ஒரு கன்வர்ட்டர் மாட்டி அதிலிருந்து கார்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மெல்லிய வயரில் அவ்வளவு கரண்ட் போனால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பத்தொன்பது வயசுப் பையன் ராத்திரியெல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான்.

அடுத்தது கார்டு. கார்டின் விவரத்தைக் காட்ட ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டு வாங்குகிற எல்லாரும் கடையிலேயே அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஷேடர்ஸ் (கார்டுக்குள் படத்தைக் கணக்கிடுகிற சின்ன யூனிட்டுகள்) என்ற இடத்தில் 2048 என்று காட்டியது. 2017 ஏப்ரலில் வந்த அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304 இருக்க வேண்டும். 2048 என்பது அதைவிடக் கீழான ஆர்எக்ஸ் 570-இன் கணக்கு. 2018-இல் சீனச் சந்தைக்கென்று ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என ஒரு கார்டு வந்தது. பெயர் 580, உள்ளே இருப்பது 570. அதைத்தான் நம்மூரில் வெறும் ‘580 8 ஜிபி’ என்று எழுதி விற்கிறார்கள். பின்னால் இருக்கிற ‘2048எஸ்பி’யை விட்டுவிட்டாலே வேலை முடிந்துவிடுகிறது.

அதுவும் புதுசு இல்லை. சூட்டைத் தணிக்கிற ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்கள் தலை தேய்ந்திருந்தன, அதற்கு அடியில் இருக்கிற தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டில் படிந்திருந்தது, மானிட்டர் கேபிள் சொருகுகிற தகட்டின் ஓரத்தில் துரு. பெட்டியில் இருந்த சீரியல் நம்பரும் கார்டில் இருந்ததும் வேறு வேறு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டுகிற மைனிங்கே இல்லாத முறைக்கு மாறியது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் கூட்டமாக சந்தைக்கு வந்தன. துடைத்து, புது ஃபேன் மாட்டி, புதுப் பெட்டியில் போட்டு விற்பது அப்போதிருந்தே நடக்கிறது. பழைய கார்டைப் பழையது என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பட்ஜெட் குறைவாக இருக்கிறவர்களுக்கு அது உபயோகமும்கூட. புதுசு என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

ப்ராசஸர் 5600 இல்லை, 4500. இரண்டுமே ரைசன் 5, இரண்டுமே 6 கோர், ஆகவே கொட்டேஷன்படி பொய் இல்லை. 5600 ஜென் 3 என்ற டிசைன், எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேக மெமரி) 32 எம்பி. 4500 அதற்கு முந்தைய ஜென் 2, கேஷ் 8 எம்பிதான். கேமில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலே பெயர் வந்துவிடும். ரேமிலும் எட்டும் எட்டுமாக இரண்டு போடுவதாகச் சொல்லிவிட்டு ஒரே 16 ஜிபி போட்டிருந்தார்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பது உண்மைதான், அதைச் சொல்லிவிட்டு மாற்றியிருக்கலாமே.

அத்தானும் நானும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். “580தான் சார், பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க” என்றார் கடைக்காரர். 2304, 2048 என்று ஆரம்பித்ததும், “அதெல்லாம் நமக்குத் தெரியாது சார், கம்பெனியில அப்படித்தான் வருது.” எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றித் தந்தார்கள், கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு. கார்டை விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ரைசன் 5 4500-இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, கார்டை எடுத்தால் ஸ்கிரீனில் படமே வராது. கையெழுத்துப் போட்ட ரசீது கொடுங்கள், விட்டுப் போகிறோம் என்றோம். தர மறுத்துவிட்டார்கள். பில்? ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டுதான் முதலிலேயே கொடுத்திருக்கிறார்கள். பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்று சொல்லி அத்தானின் வாயை அடைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று வேறு அச்சடித்திருந்தது.

அந்த வாசகத்துக்குப் பயந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், ஆகவே நாங்கள் விழுப்புரத்தில்தான் கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. எங்களிடம் பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் கொட்டேஷன், யுபிஐயில் பணம் போன பதிவு, கார்டையும் பெட்டியையும் சேர்த்து எடுத்த படங்கள், ஜிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கின்றன. பாதிப் பணத்தை ரொக்கமாக வாங்கியதுதான் இப்போது இடிக்கிறது. முழுத் தொகையையும் கடையின் கணக்குக்கே அனுப்புவேன் என்று நில்லுங்கள், தனி ஆள் பெயரில் இருக்கிற க்யூஆருக்கு அனுப்பாதீர்கள்.

கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி பெயர், முழு மாடல் எண், புதுசா பழசா என்பது இருக்க வேண்டும். ப்ராசஸர் பெட்டியோடு வருகிறதா, பெட்டி இல்லாமல் தனியாக வருகிற ட்ரேயா என்று கேளுங்கள். பெட்டியில் வருவதற்கு இங்கே மூன்று வருஷம் கம்பெனி வாரண்டி, ட்ரே என்றால் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். பில்லில் சீரியல் நம்பர் ஏற வேண்டும். கடையின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் அது யாருடையது என்று வந்துவிடும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள், பக்கத்திலேயே வேறு கடை இருக்கிறது. ‘ஐ7 கேமிங் பிசி’ என்று இருபதாயிரத்துக்குள் விளம்பரம் பார்த்தால் அந்த இன்டெல் ஐ7 ப்ராசஸர் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் 2012-இல் வந்த 3770 ஆக இருக்கும். விண்டோஸ் 11-க்கு அது தகுதியில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

பணம் நிஜமாகவே குறைவு என்றால் என் யோசனை இது: கார்டே வேண்டாம். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 5 5600ஜி, எட்டு எட்டாக இரண்டு ரேம், நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ். வலோரன்ட் மாதிரி கேம்கள் செட்டிங்ஸைக் குறைத்தால் தாராளமாக ஓடும். கார்டை ஆறு மாசம் கழித்து நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் வேண்டாம்.

சமீபத்தில் இப்படி ஒரு காம்போ வாங்கியிருக்கிறவர்கள் இன்றைக்கே சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப், கார்டுக்குப் போகிற வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறதா, மோலெக்ஸ் கன்வர்ட்டர் வழியாக வருகிறதா. கன்வர்ட்டர் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறவரை அதில் கேம் ஓட்டாதீர்கள்.