கொழிஞ்சாம்பாறை சாப்பாட்டுக் கடை: சாம்பார் சுமார், வாசல் பிரமாதம்

குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயரைப் போடவில்லை. கேரள எல்லையில் வேலந்தாவளம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை பக்கம் அடிக்கடி போகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பொன்னி, மட்டை அரிசி இரண்டும் உண்டு. மோர்க்குழம்பு நன்றாக இருந்தது, சாம்பார் ஆறிப்போய் வந்தது. சாப்பாடு அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது வாசலைப் பற்றி. மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மிச்சி எந்தக் கடையில் படியைப் பார்த்தாலும் "நீங்க சாப்பிட்டு வாங்க கண்ணு, நான் கார்லயே இருக்கறேன்" என்பார். இங்கே படியோடு சாய்தளமும் (ramp) இருப்பதால் வாக்கரை வைத்துக்கொண்டு தானே ஏறிவிட்டார். நம் பக்கத்துக் கடைகளில் சாய்தளம் என்று இருப்பதெல்லாம் பைக் ஏற்றப் போட்ட சிமெண்டுச் சறுக்கல், சக்கர நாற்காலியை அதில் தள்ளினால் தள்ளுகிறவரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். முறைப்படி ஓரடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், 1:12 என்பது அதுதான். ரோட்டை ஒட்டிய கடையில் அவ்வளவு இடம் ஏது? இவர்கள் வாசலோரம் மேசை போடும் ஆசையை விட்டுவிட்டு, எல் மாதிரி மடக்கிக் கட்டி, திரும்பும் இடத்தில் சமதளமும் விட்டிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியில் யாரும் வரவில்லை, ஆனால் சாய்தளம் சும்மா இருக்கவே இல்லை. கேஸ் சிலிண்டர்காரர் உருட்டியே ஏற்றினார், ஒரு அம்மா தூங்கும் பிள்ளையைத் தள்ளுவண்டியோடு கொண்டுவந்தார், டிராலி பெட்டிக்காரர் ஒருவர், பால் கேன் வேறு. படியில் ஏறியது காலேஜ் பையன்கள் மட்டும்தான், அவர்களிலும் பாதிப்பேர் போனைப் பார்த்தபடி சாய்தளத்தில்தான் வந்தார்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் கட்டடத்துக்கும் உண்டு என்றால் "எங்க கடைக்கு யாருங்க அப்படி வர்றாங்க" என்று கேட்கும் முதலாளிகள் இங்கே வந்து ஒரு காபி குடிக்கலாம்.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும், தூக்க ஆள் போக முடியாது. இதை யோசித்தவர்கள் கை கழுவும் இடத்தில் கோட்டைவிட்டார்கள்: தொட்டி உயரம், கீழே வழவழ டைல்ஸ், எந்நேரமும் ஈரம். கல்லாவில் சொன்னேன், "மாத்திரலாம்ங்க" என்றார்கள், பார்ப்போம். அப்புறம், சாய்தளம் ரோட்டைத் தொடும் இடத்தில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. அது கடைக்காரர் வேலை இல்லை, ஆனாலும் வாக்கர் கால் அதில்தான் மாட்டியது.

ஞாயிறு மதியம் போகாதீர்கள். பார்சலுக்கு நிற்கிற கூட்டம் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு சாய்தளத்தையே அடைத்துவிடுகிறது.