காது வில்லையின் நிறத்தைப் பார்த்துக் கன்றின் பாலினத்தை எழுதியவர்கள்: ஓர் எச்சரிக்கை

கன்றுகளுக்குக் காது வில்லை பொருத்துவதையும், ஆண் பெண் பதிவேடு எழுதித் தருவதையும் ஒரே ஒப்பந்தமாக வெளியாட்களிடம் ஒப்படைக்க எண்ணியிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மேய்ச்சல் பண்ணையில் ஒரே ஈற்றுப் பருவத்தில் பிறந்த 118 கன்றுகளுக்கு அந்த வேலையைச் செய்த குழு, 15 கன்றுகளின் பாலினத்தைத் தவறாகக் குறித்துவிட்டுப் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளைக் கையாளும்போது ஒன்றிரண்டு தவறுவது எவருக்கும் நேரக்கூடியதே. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். தவறு என்று தெரிந்தே செய்துவிட்டு, அது வெளியே தெரியாத வகையில் பதிவேட்டையும் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்த விதத்தை எழுதுகிறேன். வேறு பெயரில் வேறு குழு வந்தாலும் அந்த விதத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எங்கள் பண்ணையின் முறை எளிமையானது. கிடாரிக்கன்றுகளுக்கு வலக்காதில் மஞ்சள் வில்லை, காளைக்கன்றுகளுக்கு இடக்காதில் நீல வில்லை. மந்தை தொலைவில் மேயும்போதே காதைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். எண்ணைப் படிப்பதற்காக அருகில் போக வேண்டியதில்லை. பட்டியைப் பிரிப்பது, காயடிப்பது, தடுப்பூசி போடுவது, விற்பது, சினைக்கு விடுவது எனப் பின்னால் எடுக்கும் எல்லாத் தீர்மானங்களும் இந்த ஒரு குறியை நம்பியே எடுக்கப்படுகின்றன. வழக்கமாகக் கன்று பிறந்த ஓரிரு நாளில் நாங்களே வில்லை போட்டுவிடுவோம். அந்தப் பருவத்தில் ஆள் பற்றாக்குறை இருந்தது. ஈன்ற புதிதில் தாய்ப்பசு கன்றின் அருகே யாரையும் அண்டவிடாது என்பதால், துணையில்லாமல் அந்த வேலையில் இறங்குவதற்கும் மனம் வரவில்லை. ஆகவே ஈற்றுப் பருவம் முடிந்தபின் எல்லாக் கன்றுகளுக்கும் ஒருசேரப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வில்லைகள், பொருத்தும் இடுக்கி, எண்ணிடுதல், பதிவேடு ஆகிய அனைத்தையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், எங்கள் ஈற்றுக் குறிப்பேட்டிலிருந்து தாய்ப்பசுவின் எண், பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா என்ற விவரம் ஆகியவற்றை எடுத்துச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்ன குழுவை அமர்த்தினேன்.

முதல் நாள் முழுவதும் நான் உடன் இருந்தேன். ஒருவர் கன்றைப் பிடித்துச் சாய்ப்பார், இன்னொருவர் பின்னங்கால்களுக்கிடையே கை வைத்துப் பார்த்து உரக்கச் சொல்வார், மூன்றாமவர் உடனே எழுதுவார். எனக்குத் திருப்தியாகவே இருந்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் வேலி அறுந்து பசுக்கள் வெளியேறிவிட்டதாகச் செய்தி வந்ததால் போக வேண்டியதாயிற்று. நான் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது, கருவிகளை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் அழகான கையெழுத்தில் எழுதப்பட்ட பதிவேட்டை என் கையில் கொடுத்து, வேலை நிறைவு பெற்றதாக ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள். நீல வில்லை 1 முதல் 60 வரை காளைக்கன்றுகள்; மஞ்சள் வில்லை 101 முதல் 158 வரை கிடாரிக்கன்றுகள். பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. அதை அவர்களுடைய ஒழுங்குக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். சாணக்கறையோ ஈரமோ படாத ஒரு தாள் கன்றுகளுக்கு நடுவே எழுதப்பட்டதாக இருக்க முடியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏழெட்டு நாட்களிலேயே காதுகளில் தொல்லை தொடங்கியது. கன்றின் காதில் நீளவாக்கில் ஓடும் குருத்தெலும்பு வரம்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதியில், தலைக்கும் காது நுனிக்கும் நடுவில், இரத்தக் குழாய்களைத் தவிர்த்து வில்லையைப் பொருத்த வேண்டும். ஆணிப்பகுதி காதின் பின்புறத்திலிருந்து உள்ளே வர வேண்டும். காது வளர வளரத் தடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு துண்டுகளுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளியும் இருக்க வேண்டும். எங்கள் கன்றுகளில் பலவற்றுக்கு நுனியை ஒட்டிக் குத்தியிருந்தார்கள், சிலவற்றுக்குக் குருத்தெலும்பின் மேலேயே குத்தியிருந்தார்கள். நுனியில் போட்ட வில்லை வேலியிலும் புதரிலும் மாட்டிக் காதைக் கிழித்துக்கொண்டு விழும். வரம்பில் போட்டது சீழ் பிடிக்கும். இரண்டுமே நடந்தன. மூன்று கன்றுகளின் காதில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. இடுக்கியின் ஊசியை ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே கிருமிநாசினியில் நனைத்தார்களா என்று நினைத்துப் பார்த்தால், முதல் நாள் காலையில் மட்டுமே அந்தக் கிண்ணத்தைப் பார்த்த நினைவு இருக்கிறது. அனாபிளாஸ்மோசிஸ், மாடுகளின் லூக்கோசிஸ் போன்ற நோய்கள் இரத்தம் ஒட்டிய கருவி வழியாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவக்கூடியவை என்பதால், இதைச் சின்ன அலட்சியம் என்று நான் கருதவில்லை. ஐந்து மாதத்துக்குள் 19 வில்லைகள் விழுந்துவிட்டன. எண்களை மையில் கையால் எழுதியிருந்தார்கள். அடிக்கோடு இல்லாததால், மேய்ச்சல் நிலத்தில் கண்டெடுத்த ஒரு நீல வில்லை 6-ஆ 9-ஆ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உண்மை வெளிப்பட்டது தடுப்பூசி நாளில். கன்றுவீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸுக்கான தடுப்பூசியைச் சில மாத வயதுடைய கிடாரிக்கன்றுகளுக்கு மட்டுமே போடுவார்கள். அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. காளைக்கன்றுக்குப் போட்டால் அது விதைகளில் தங்கி வீக்கத்தை உண்டாக்கக்கூடும். மஞ்சள் வில்லைக் கன்றுகளை மட்டும் பிரித்து, ஒற்றை ஒற்றையாக வரும் குறுகிய அடைப்பில் நிறுத்தியிருந்தோம். கால்நடை மருத்துவர் பதிவேட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொரு கன்றின் வாலையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். 140 என்ற எண்ணுள்ள கன்று வந்ததும் கையை நிறுத்திவிட்டு, “இது கிடாரி இல்லையே” என்றார். அடுத்ததும் அப்படியே. அன்று ஊசி போடுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்த்தோம். 139 முதல் 158 வரையிலான 20 கன்றுகளில் 11 காளைக்கன்றுகளாக இருந்தன. 101 முதல் 138 வரை ஒன்றுகூடத் தவறில்லை.

தவறுகள் இப்படி ஓரிடத்தில் குவிந்து கிடந்ததுதான் எனக்கு முதல் ஐயத்தைத் தந்தது. கை தவறியதென்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா இருக்க வேண்டும்? பின்னர் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்ட ஓர் இளைஞர் நடந்ததைச் சொன்னார். 118 கன்றுகளுக்குப் பாதிக்குப் பாதி என்று கணக்கிட்டு, நிறத்துக்கு 60 வில்லைகளே கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் நீல வில்லைகள் தீர்ந்துவிட்டன. மேலும் வாங்கி வர ஒரு நாள் ஆகும் என்பதால், மீதமிருந்த கன்றுகள் அனைத்துக்கும் கையில் இருந்த மஞ்சள் வில்லையையே போடும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். நிறத்தோடு காதும் மாறியது. மஞ்சள் என்பதால் எல்லாவற்றுக்கும் வலக்காது. பிறகு தொழுவத்தில் கிறுக்கிய தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு, நான் திரும்பி வருவதற்குள் வண்டிக்குள் உட்கார்ந்து, நீலம் என்றால் ஆண், மஞ்சள் என்றால் பெண் என்று புதிதாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே பதிவேடும் வில்லையும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. நானும் அன்று மாலை பத்துப் பன்னிரண்டு கன்றுகளின் காதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடைந்தவன்தான். ஒன்றைப் பார்த்து எழுதப்பட்ட இன்னொன்றோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் எப்படி இருக்கும்? ஒப்பிட்டிருக்க வேண்டியது கன்றை.

நீல வில்லைகளிலும் 4 கிடாரிகள் இருந்தன. இவை அவசரத்தால் நேர்ந்தவை. காளைக்கன்றின் விதைகள் பிறப்பதற்கு முன்பே விதைப்பைக்குள் இறங்கிவிடுவதால், பிறந்த அன்றே கை வைத்தாலும் இரண்டும் தட்டுப்பட வேண்டும். பக்கவாட்டில் நின்று வயிற்றை மட்டும் பார்ப்பவருக்கு, தொப்புள் வீங்கிய கிடாரியும் காளைக்கன்றுபோலத் தோன்றும். காம்பைத் தடவிப் பார்த்து முடிவு செய்வதும் உதவாது. காளைக்கன்றுக்கும் விதைப்பைக்கு முன்னால் சிறு காம்புகள் இருக்கும். வாலைத் தூக்கி ஆசனவாய்க்குக் கீழே பார்ப்பதும், கால்களுக்கிடையே விதைப்பையைத் தொட்டுப் பார்ப்பதும் சேர்ந்து சில நொடிகளே ஆகும்.

இந்த நான்கில் மூன்றை, தடுப்பூசி நாளுக்கு முந்தைய வாரம் காளைக்கன்றுகள் என்று விற்ற 40 உருப்படிகளோடு அனுப்பிவிட்டிருந்தேன். காயடிப்பதற்காகக் கிடத்தியபோது விதையே இல்லை என்று வாங்கியவர் அழைத்துச் சொன்னபோது, அவர் குரலில் கோபத்தைவிட ஏளனமே மிகுந்திருந்தது. இத்தனை ஆண்டுகள் மாடு வளர்க்கிற ஒருவனுக்கு ஆண் கன்றும் பெண் கன்றும் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். இரண்டைத் திரும்பப் பெற்றேன். மூன்றாவது அதற்குள் கைமாறிவிட்டது; எட்டு ஈற்றுகளில் ஒருமுறைகூடச் சிக்கல் இல்லாமல் ஈன்ற பசுவின் கன்று அது. மந்தையில் வைத்துக்கொள்வது என்று அது பிறந்த அன்றே முடிவு செய்திருந்தேன்.

கிடாரிப் பட்டியில் இருந்த 11 காளைக்கன்றுகளால் பெரிய சேதம் வரவில்லை என்றால், அது எங்கள் நல்ல நேரம். ஐந்து மாதத்தில் தெரிந்துவிட்டது. இன்னும் மூன்று நான்கு மாதம் கழித்துத் தெரிந்திருந்தால், பருவத்துக்கு வந்துவிட்ட காளைக்கன்றுகள், உடல் வளர்ச்சி முடியாத கிடாரிகளைச் சினையாக்கியிருக்கும். சினைக்கு வந்தவற்றில் உடன்பிறப்புகளும் இருந்திருக்கலாம், ஈனும்போது தாயும் கன்றும் சேர்ந்து போயிருக்கலாம்.

இரட்டைக் கன்று விவரம் இன்னொரு கதை. பதிவேட்டில் அந்தக் கட்டம் இருந்தது. 118 வரிகளிலும் ‘ஒற்றை’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் குறிப்பேட்டின்படி ஒரு பசு காளைக்கன்றும் கிடாரியுமாக இரட்டை ஈன்றிருந்தது. இவ்வாறு காளைக்கன்றோடு ஒரே கருப்பையில் வளரும் கிடாரிகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை மலடாகவே இருக்கும். நச்சுக்கொடியில் இருவரின் இரத்தக் குழாய்களும் இணைந்துகொள்வதால், ஆண் கருவின் சுரப்புகள் பெண் கருவின் இனப்பெருக்க உறுப்புகளை வளரவிடாமல் செய்துவிடும். வெளியே பார்த்தால் கிடாரிதான். எவ்வளவு கவனமாகத் தொட்டுப் பார்த்தாலும் அதற்குமேல் தெரியாது. ஆகவே இரட்டை என்ற குறிப்பு ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும். குறிப்பேட்டைப் பதிவேட்டோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தபோது, வளர்ப்புக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த 117-ஆம் எண் கிடாரியே அது என்று தெரிந்தது. மருத்துவர் பிறப்புறுப்பின் ஆழத்தை அளந்து பார்த்தார். இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. இரத்தச் சோதனையில் ஆணுக்குரிய குரோமோசோமும் இருப்பது உறுதியாயிற்று.

குழுவினரிடம் கேட்டபோது, முதலில் கன்றுகள் தங்களுக்குள் வில்லைகளை மாற்றிக்கொண்டிருக்கும் என்கிற அளவுக்கு ஒரு விளக்கம் வந்தது. ஒருமுறை பூட்டிய வில்லையை அறுத்தால் ஒழியக் கழற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பிறகு என் கையொப்பத்தைக் காட்டினார்கள். கடைசியில், விழுந்த வில்லைகளுக்குப் பதில் புதியவற்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். எந்தக் கன்றுக்கு எந்த எண் என்பதைச் சொல்ல வழியில்லாத நிலையில், வெறும் வில்லைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்போதும் வெளியாட்களை அமர்த்துகிறேன். ஆனால் பாலினத்தை எங்கள் பண்ணை ஆள்தான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே கன்றின் பிடியை விடுகிறோம். தொழுவத்தில் எழுதிய அழுக்குத் தாள் என்னிடமே இருக்கும். படியெடுத்தது யாரிடம் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒவ்வொரு நிறத்திலும் பாதிக் கணக்குக்கு மேல் தாராளமாகக் கூடுதல் வில்லைகள் வாங்கி, தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணுகிறோம். எங்கள் 118 கன்றுகளில் உண்மையில் 67 காளைக்கன்றுகள், 51 கிடாரிகள். ஒரு பருவத்தில் இந்த அளவு ஏறுக்குமாறு வருவது இயல்பே, ஆகவே பாதிக்குப் பாதியாகவே வில்லை கொண்டு வரும் குழுவை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். வில்லை விழுந்தாலும் அடையாளம் போகாதிருக்க, காதின் உட்புறத்தில் பச்சையும் குத்திவிடுகிறோம்.

விழுந்த 19 வில்லைகளுக்குரிய கன்றுகளில் 16-ஐ நிறம், மச்சம், பிறந்த தேதி ஆகியவற்றை வைத்துக் குறிப்பேட்டோடு பொருத்திவிட்டோம். மீதி 3 கன்றுகளின் தாய் எது என்று அறிய, வால் மயிரை வேரோடு எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை பதிவேட்டில் அந்தக் கட்டங்களில் எதையும் எழுதப் போவதில்லை.