கரண்ட் போய் வரும் ஊரில் ஆறு லோகோ: நான்கு ஆண்டு டிசிசி அனுபவம்

மாடல் ரயிலில் ஒவ்வொரு லோகோவையும் (இன்ஜினையும்) தண்டவாளம் வழியாகவே கட்டளை அனுப்பித் தனித்தனியாக ஓட்டும் முறைதான் டிசிசி. ஒரு லோகோ மட்டும் என்றால் எந்த டிசிசி சிஸ்டம் வாங்கினாலும் ஓடும். நாலாவது லோகோவைத் தண்டவாளத்தில் வைக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். சேலம் சூரமங்கலத்தில் மொட்டைமாடி அறையில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று என இரண்டு ஹெச்ஓ (1:87 அளவு) லேஅவுட்களில் நான்கு ஆண்டு ஓட்டிப் பார்த்ததை வைத்து எழுதியது இது.

முதலில் ஆம்பியர் கணக்கு. இப்போது வரும் ஹெச்ஓ லோகோ ஓடும்போது கால் முதல் அரை ஆம்பியர் இழுக்கும். லோகோவுக்குள் இருந்து கட்டளையை வாங்கும் போர்டுதான் டீகோடர்; ஒலியும் எழுப்பும் சவுண்டு டீகோடர் இருந்தால் கொஞ்சம் கூடும். சக்கரம் சிக்கி நின்றால் ஒரு ஆம்பியரைத் தொடலாம். குண்டு பல்பு வைத்த பழைய கோச் எட்டு கோத்தால் அவையே ஒரு லோகோ அளவுக்குத் தின்றுவிடும். அவற்றை எல்இடிக்கு மாற்றிவிடுங்கள். நாலு ரயில் சேர்ந்து ஓட 2 ஆம்பியர் என்பது விளிம்பு, 3 ஆம்பியர் இருந்தால் நிம்மதி.

என்சிஇ பவர் கேப்பில் கையில் பிடிக்கும் கருவியே கட்டளைகளை உருவாக்கும் கமாண்ட் ஸ்டேஷன். பட்டன்கள் தெளிவானவை, பழக ஒரு மாலை போதும். ஆனால் சுமார் 2 ஆம்பியர்தான். மேலே போக வேண்டுமென்றால் கூடுதல் கரண்ட் தரும் தனி பூஸ்டர் வாங்க வேண்டும். டிஜிட்ராக்ஸ் செஃபிர் எக்ஸ்பிரஸ் 3 ஆம்பியர் தரும். ரோகோவின் கருப்பு இசட்21 கொடுப்பது 3.2 ஆம்பியர், போனிலேயே ஓட்டலாம். மூன்றுமே நல்ல சரக்கு. சிக்கல் விலையிலும் பழுதிலும் இருக்கிறது. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 60 சதவீதமாகவும் 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு தனி. அமெரிக்கச் சந்தைக்கான சில ரேடியோ கைக்கருவிகள் 915 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை; நம் நாட்டில் உரிமம் வேண்டாத பட்டை 865 முதல் 868 வரை. அதனால் வைஃபை வழியில் போனில் ஓட்டுவதே இங்கே சரி.

சூரமங்கலம் லேஅவுட்டில் இருப்பது நாமே கட்டிக்கொள்ளும் டிசிசி-ஈஎக்ஸ் சிஸ்டம். ஆர்டுயினோ மெகா என்ற கண்ட்ரோலர் போர்டு, அதன்மேல் தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் எல்298 மோட்டார் ஷீல்டு, ஒரு வைஃபை போர்டு, போனில் என்ஜின் டிரைவர் ஆப். மென்பொருள் இலவசம். போர்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு சவுண்டு டீகோடர் விலைக்குள் அடங்கிவிடும். சாலிடரிங் வரும் என்றால் இதுதான் என் பரிந்துரை. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: ஷீல்டிலிருந்து மெகாவுக்குப் போகும் வின் (மின்சாரம் உள்ளே வரும்) இணைப்பை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் 15 வோல்ட் கொடுத்தால் மெகாவின் ரெகுலேட்டர் சூடேறிப் போய்விடும். மெகாவுக்குத் தனியாக 9 வோல்ட் அடாப்டர், ஷீல்டுக்கு 15 வோல்ட் எஸ்எம்பிஎஸ். எல்298 தனக்குள்ளேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் விழுங்கும் என்பதால் தண்டவாளத்தில் சுமார் 13 வோல்ட்தான் வரும். ஹெச்ஓவுக்கு அது தாராளம். காகிதத்தில் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர். சித்திரை வெயிலில் மாடி அறையில் ஒன்றரை ஆம்பியரைத் தாண்டினாலே சிப்பில் விரல் வைக்க முடியாது. சின்ன ஃபேன் ஒன்று வையுங்கள். அதற்கு மேல் ரயில் ஓட்டுவதாக இருந்தால் அதிகக் கரண்ட் தாங்கும் பிடிஎஸ்7960 டிரைவர் போர்டுக்கு மாறுங்கள்.

நம் ஊரில் எந்த சிஸ்டத்துக்கும் உண்மையான சோதனை கரண்ட் போய்த் திரும்பும் அந்த நொடி. கரண்ட் ஒரு கணம் விட்டாலும் லோகோவை நிற்காமல் காக்கும் கீப்-அலைவ் கெப்பாசிட்டர் வைத்த சவுண்டு லோகோ நாலு நிற்கிறது என்று வையுங்கள். மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கெப்பாசிட்டரும் ஒன்றாக நிரம்பப் பார்க்கும். சிஸ்டம் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு டிரிப் ஆகும், மறுபடி முயலும், மறுபடி டிரிப் ஆகும். சிஸ்டமே போய்விட்டது என்று பலரும் நினைக்கும் இடம் இதுதான். லூப் லைன் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாகிள் ஸ்விட்ச் போட்டு, ஒன்றொன்றாக ஆன் செய்தால் தீர்ந்தது. ஜேஎம்ஆர்ஐ (லேஅவுட்டைக் கணினியில் இயக்கும் மென்பொருள்) என்பதை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்டுபவர்கள் அதற்கு மட்டுமாவது சின்ன யுபிஎஸ் வையுங்கள். திடீரென்று அணைந்தால் மெமரி கார்டு கெடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு: கரண்ட் வந்ததும் ஒரு லோகோ மட்டும் முழு வேகத்தில் பாயும். சிக்னல் தடுமாறியதை டீகோடர் பழைய டிசி (டிசிசி கட்டளை இல்லாத வெறும் நேர் மின்சாரம்) என்று தப்பாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். இந்த டிசி வசதி அணைய, டீகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி29-ல் இருக்கும் மதிப்பில் 4 கழியுங்கள். 6 இருந்தால் 2, நீள முகவரி (லோகோவை அழைக்கும் பெரிய எண்) போட்டு 38 இருந்தால் 34. லோகோ வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். பலகைக்கு அடியில் ஓடும் மெயின் கரண்ட் லைனுக்கு 1.5 சதுர மி.மீ. வீட்டு வயரே போதும். இரண்டையும் லேசாக முறுக்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு மீட்டர் தண்டவாளத்துக்கும் அந்த லைனிலிருந்து கரண்ட் கொண்டுவரும் 0.5 சதுர மி.மீ. ஃபீடர் வயர் ஒரு ஜோடி, ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரைக் கரண்ட்டுக்கு நம்பாதீர்கள். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, 60 வாட் அயர்னை இரண்டு மூன்று நொடி வைத்து எடுங்கள். இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்தால் ஸ்லீப்பர் உருகாது.

முடிந்ததும் நாணயச் சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். அரை அடிக்கு ஒருமுறை, பாயிண்டைத் தாண்டி, சைடிங் முனைவரை வைத்துப் பாருங்கள். (சேலம் உருக்காலை நாணய வில்லை வெட்டும் ஆலை என்பதால் அந்த ஒரு ரூபாய் இங்கே பிறந்ததாகக்கூட இருக்கலாம்.) எங்காவது டிரிப் ஆகாமல் நாணயம் சூடானால் அங்கே ஃபீடர் குறைவு. அப்படியே விட்டால், ஒருநாள் தடம் புரண்ட லோகோவின் போகி அந்த நாணயத்தின் வேலையைச் செய்து உருகும்.

ஏற்காட்டில் பிரச்சினை ஈரம். பனிமூட்டம் உள்ளே வரும் அறையில் நிக்கல் சில்வர் தண்டவாளம் மங்கிவிடும், சக்கரத்தில் கருப்பு படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். பலகை ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள ப்ளைவுட்டாக இருக்கட்டும். இடி மழைக்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

முகவரிக்கு வேப்-7 மின்சார இன்ஜின் எண்ணின் கடைசி நாலு இலக்கம் வைப்பது வசதி. ஆனால் 100 முதல் 127 வரை வரும் எண்களைத் தவிருங்கள். சில சிஸ்டம் அவற்றைக் குறு முகவரியாகவும், சில நீள முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். ஒன்றில் ஓடிய லோகோ மற்றதில் பேசாது. இரட்டை லோகோ கோத்து ஓட்டிவிட்டுப் பிரித்த பிறகு ஒன்று விளக்கு மட்டும் எரிந்து நகராமல் நின்றால், டீகோடரை மாற்றும் முன் சிவி19-ஐப் படியுங்கள். அதில் பழைய கூட்டு எண் தங்கியிருக்கும். 0 எழுதினால் நகரும்.