விஎம் ஓட்ட எந்த டிஸ்க்? பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

ஒரே மெஷினில் ஆறு விஎம் (வர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுவது) ஓடுகிறது, ப்ராசஸர் சும்மா இருக்கிறது, ராமும் பாதி காலி, ஆனாலும் உள்ளே போய் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் உயிர் போகிறது என்றால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு விஎம்மும் டிஸ்க் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து வரிசையாகத்தான் எழுதுகிறது, ஆனால் ஆறும் ஒன்றாகக் கலந்து வரும்போது டிஸ்க்குக்குக் கிடைப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சின்னச் சின்ன 4 கேபி துண்டுகள். பெட்டியில் போட்டிருக்கும் செகண்டுக்கு 7000 எம்பி வேகம் ஒரே பெரிய கோப்பை நேராகப் படிப்பதற்கு, நம் வேலைக்கு அது பெரும்பாலும் பயன்படாது.

ஹார்ட் டிஸ்க்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட், சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஹெட் நகரும் நேரம் வேறு. ஆக, செகண்டுக்குச் சுமார் நூறு முறை படிக்கவோ எழுதவோதான் முடியும். பேக்கப்புக்கும் ஐஎஸ்ஓ கோப்புகளுக்கும் (விஎம்மில் ஓஎஸ் நிறுவப் பயன்படும் கோப்புகள்) வைத்துக்கொள்ளுங்கள். பல டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டு 5 போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது, அதில் ஒரு சின்னத் துண்டை எழுதவே இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுத வேண்டும்.

அடுத்தது சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்கைப் பழைய சாட்டா இணைப்பில் மாட்டுவது. இது செகண்டுக்கு 550 எம்பிக்கு மேல் போகாது, கட்டளைகள் காத்திருக்க ஒரே க்யூ (வரிசை), அதில் 32 கட்டளைதான். ஆனாலும் இதை மட்டமாக நினைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இதற்கு மாறும்போது தெரியும் வித்தியாசம், இதிலிருந்து என்விஎம்இக்கு (எஸ்எஸ்டிக்கென்றே வந்த வேகமான இணைப்பு முறை) மாறும்போது அவ்வளவாகத் தெரியாது. நாலைந்து லேசான விஎம்முக்கு இது போதும்.

என்விஎம்இயில் ஆயிரக்கணக்கில் க்யூ வைக்கலாம், ப்ராசஸரின் ஒவ்வொரு கோருக்கும் தனி க்யூ கிடைப்பதால் பல விஎம் ஒரே நேரத்தில் முட்டும்போது இதன் அருமை தெரியும். ஆனால் என்விஎம்இ என்பது சாலை மட்டும்தான், வண்டி எது என்பது வேறு கேள்வி. நான் ஒருமுறை மலிவாகக் கிடைத்ததே என்று க்யூஎல்சி டிஸ்க் (ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் மலிவு வகை) ஒன்றைப் போட்டு, நாலு விஎம்மைச் சேர்த்து க்ளோன் (அப்படியே நகல்) செய்தேன். கொஞ்ச நேரம் பறந்தது, அப்புறம் செகண்டுக்கு 90 எம்பிக்கு விழுந்தது, ஹார்ட் டிஸ்க்கே தேவலை என்ற நிலை. க்ளோனுக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற விஎம்களும் அப்படியே உறைந்து நின்றன. எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் எஸ்எல்சி கேஷ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். டிஸ்க் நிறைய நிறைய இந்தக் கேஷ் சுருங்கும், காலி டிஸ்க்கில் ஓட்டிக் காட்டும் சோதனை முடிவுகளில் இது தெரியாது. அதனால் டிராம் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) உள்ள டிஎல்சிக்கு (ஒரு செல்லில் மூன்று பிட் வகை) கீழே இறங்க வேண்டாம்.

விஎம்முக்குள் டேட்டாபேஸ் ஓடுகிறதா? அப்போது கணக்கே வேறு. ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிப்பது) டேட்டாபேஸ் 'எழுதியாயிற்றா?' என்று கேட்டு நிற்கும். சாதாரண எஸ்எஸ்டி நிஜமாகவே ஃப்ளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத சிப்) எழுதி முடித்தால்தான் ஆயிற்று என்று சொல்ல முடியும். சர்வர் எஸ்எஸ்டியில் கரண்ட் போனாலும் தாங்கும் கெபாசிட்டர்கள் இருப்பதால் டிராமில் வாங்கி வைத்துக்கொண்டே சொல்லிவிடும். பழைய சர்வர் சாட்டா டிஸ்க் ஒன்று, புத்தம் புது வீட்டு உபயோக என்விஎம்இயை இந்த வேலையில் ஓரங்கட்டுவது இதனால்தான். என் ஓட்டு சர்வர் எஸ்எஸ்டிக்கே, செகண்ட் ஹாண்டாக இருந்தாலும் சரி, டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். மதர்போர்டில் நேராகச் சொருகும் எம்.2 வடிவில் இவை பல 110 மிமீ நீளம் இருக்கும், 80 மிமீ இடம் மட்டும் உள்ள மதர்போர்டில் உட்காராது.

வாங்கியதும் எஃப்ஐஓவில் (டிஸ்க் வேகத்தைச் சோதிக்கும் மென்பொருள்) 4 கேபி, ரேண்டம், க்யூ ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரே கட்டளை), ஒவ்வொரு முறை எழுதியதும் எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருப்பது) என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கின் பெயரை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், ஒரு கோப்பை உருவாக்கி அதன் மேல் ஓட்டுங்கள்.